பணியிடத்துத் தண்ணீர்ப் பானை

1901ஆம் ஆண்டின் கோடை விடுமுறை. பம்பாய் மாகாணத்தின் சதாரா மாவட்டத்தில், மசூர் என்னும் சிறிய ரயில் நிலையத்தில் நான்கு சிறுவர்கள் வந்து இறங்கினர். புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி, பட்டுக்கரை வேட்டி எனத் திருவிழாவுக்குச் செல்வோரைப் போல் உடுத்தியிருந்தனர். அவர்களுள் ஒரு சிறுவனின் தந்தை கோரேகாவ் என்ற ஊரில் காசாளராகப் பணியாற்றிவந்தார். பஞ்சத்தால் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்த மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக, பம்பாய் அரசு அங்கே ஏரி வெட்டும் பணியைத் தொடங்கியிருந்தது. விடுமுறையைத் தந்தையுடன் கழிக்கவே சிறுவர்கள் புறப்பட்டிருந்தனர். அவர்கள் அனுப்பிய கடிதம் உரிய நேரத்தில் தந்தையின் கைக்குச் சேராததால், அழைத்துச் செல்ல யாரும் வரவில்லை.

நிலைய அதிகாரி கனிவுடன் விசாரித்தார். தாங்கள் மகர் சாதியைச் சேர்ந்தவர்கள் என்று சிறுவர்கள் சொன்னதும் அவர் முகம் மாறியது. வாடகை வண்டிக்காரர் எவரும் அவர்களை ஏற்றிச்செல்ல முன்வரவில்லை. இறுதியில், இரட்டைக் கூலி தருவதென்றும், வண்டியைச் சிறுவர்களே ஓட்டுவதென்றும், வண்டிக்காரர் உடன் நடந்து வருவதென்றும் ஏற்பாடாயிற்று. இரவில் சுங்கச்சாவடியை அடைந்தபோது கையில் உணவு இருந்தது; குடிக்கத் தண்ணீர் இல்லை. கேட்டும் கிடைக்கவில்லை. பசியோடும் தாகத்தோடும் படுத்துறங்கி, மறுநாள் முற்பகலில்தான் கோரேகாவ் போய்ச் சேர்ந்தனர்.

ஊருக்கு நீர் தேக்க ஏரி வெட்டப்படும் இடத்துக்குச் செல்லும் வழியில், அங்கே கூலிக் கணக்கைக் கையாளும் ஊழியரின் பிள்ளைக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைதான் பீமராவ் அம்பேத்கர். பின்னாளில் இந்த நிகழ்ச்சியைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே விரிவாகப் பதிவுசெய்தார்.

அரசமைப்புச் சட்டத்தின் சிற்பி என்றும், ஒடுக்கப்பட்டோரின் விடுதலைத் தலைவர் என்றும் அம்பேத்கரை நாம் அறிவோம். அவர் பொருளாதாரம் பயின்றவர் என்பதும், நான்கு ஆண்டுகள் இந்தியாவின் தொழிலாளர் துறைக்கும் பொதுப்பணித் துறைக்கும் பொறுப்பு வகித்தவர் என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. மண் சுமப்போரும் கல் உடைப்போரும் செங்கல் அடுக்குவோரும் பணிபுரியும் இடத்தில் நியாயமும் மதிப்பும் எவ்வாறு நிலைபெறும் என்ற கேள்விக்கு, அவருடைய வாழ்க்கையின் இந்தப் பகுதியே தெளிவான விடை தருகிறது.

படிப்பு மாற்றாத பணியிடம்

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் என்னும் ராணுவக் குடியிருப்பு நகரில் அம்பேத்கர் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற அம்பேத்கர், பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்து லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணியாற்ற 1917இல் நாடு திரும்பினார்.

உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களில் படித்த அந்த இளைஞரின் மேசையில், அலுவலகக் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தொலைவிலிருந்து வீசியெறிந்தனர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அந்த அலுவலகத்திலும் அவருக்குக் குடிநீர் எளிதில் கிடைக்கவில்லை. பதவியில் அவர் உயர்ந்தவர். ஆனால் அந்த இடத்தின் உண்மையான படிநிலையைப் பதவி தீர்மானிக்கவில்லை. தங்குவதற்கு வீடும் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கியிருந்தவரை, தடிகளுடன் வந்த கூட்டம் பதினோராம் நாள் வெளியேற்றியது. அடைக்கலம் கேட்ட நண்பர்களும் கைவிரித்தனர். பொதுப் பூங்கா ஒன்றில் மாலைவரை அமர்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். அங்கே ஆசிரியர்களுக்கென வைக்கப்பட்டிருந்த பானையிலிருந்து அவர் தண்ணீர் அருந்துவதற்குச் சக ஆசிரியர்கள் சிலர் ஆட்சேபம் தெரிவித்தனர். ஏரிப் பணியிடத்துக்குப் போகும் வழியிலும் அரசு அலுவலகத்திலும் கல்லூரியிலும் அவர் முன் வந்து நின்றது ஒரே கேள்வி: இந்தப் பானையில் யார் நீர் அருந்தலாம்?

தொழிலாளர் பொருளாதாரத்தைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் கற்பித்தவன் நான். கூலி, உற்பத்தித்திறன், வேலை நேரம் ஆகியவற்றைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். பணியிடத்துத் தண்ணீர்ப் பானையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நான் பயன்படுத்திய பாடநூல்களில் அதற்கு இடம் இருக்கவில்லை. அம்பேத்கரின் பொருளாதாரச் சிந்தனையில் அதற்கு இடம் இருந்தது.

எச்சில் தீர்மானித்த கூலி

லண்டனுக்கு மீண்டும் சென்று, இந்திய ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்காக 1923இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அம்பேத்கர், பொதுவாழ்வில் இறங்கினார். அதே ஆண்டில், பொதுக் கிணறுகளையும் குளங்களையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. மகாத் நகராட்சியும் தன் குளத்தை அனைவருக்கும் திறந்துவிடுவதாக அறிவித்தது. ஆயினும், ஒடுக்கப்பட்டவர் ஒருவரும் அந்தக் குளத்தில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று, ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவுதார் குளத்து நீரை அம்பேத்கர் கையில் அள்ளிப் பருகினார். குளத்தைத் தீட்டுக் கழித்தவர்கள் வழக்கும் தொடுத்தார்கள். பத்து ஆண்டுகள் நடந்த வழக்கில் 1937இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. காகிதத்தில் எழுதப்பட்ட உரிமைக்கும் கைக்கு எட்டும் உரிமைக்கும் உள்ள தூரத்தை அவர் அங்கே நேரில் கண்டார்.

அதே காலத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளையும் அவர் கவனித்துவந்தார். ஆலைகளில் நல்ல கூலி கிடைத்த பிரிவு நெசவுப் பிரிவு. அறுந்த நூலை வாயில் வைத்து ஈரமாக்கி இணைக்க வேண்டியிருந்ததால், தீண்டப்படாதோரின் எச்சில் பட்ட நூலைத் தொட மாட்டோம் என்று மற்றத் தொழிலாளர்கள் மறுத்தனர். ஆகவே ஒடுக்கப்பட்ட தொழிலாளி நூற்புப் பிரிவைத் தாண்டிப் போக முடியவில்லை. திறமையோ அனுபவமோ அல்ல, எச்சில் குறித்த நம்பிக்கையே ஒருவருடைய கூலியைத் தீர்மானித்தது. இந்தத் தடையை நீக்கும்படி தொழிற்சங்கத் தலைவர்களிடமே அவர் வற்புறுத்த வேண்டியிருந்தது.

1938 பிப்ரவரியில் மன்மாட்டில் நடந்த ஒடுக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டிலும் அவர் இதைத்தான் எடுத்துக்காட்டினார். தண்டவாளம் போடும் கூலிகளாகச் சேர்பவர்கள் கூலிகளாகவே ஓய்வுபெறுகிறார்கள். பட்டறைகளில் தொழில் கற்கும் இடங்கள் அவர்களுக்குத் திறப்பதில்லை. முதலாளியின் சுரண்டலை எதிர்ப்பதோடு தொழிலாளர் இயக்கத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை, சக தொழிலாளியைத் தாழ்த்தும் மனப்பான்மையையும் அது எதிர்க்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த வாதம். சாதி என்பது வேலையைப் பங்கிடுவதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று 1936இல் அவர் எழுதியதன் நடைமுறைப் பொருள் இதுதான். பிறப்பால் ஒதுக்கப்பட்ட வேலையைவிட்டு வேறு வேலைக்குப் போக முடியாத நிலை, வேலையின்மையையும் வளர்க்கிறது என்று அவர் சுட்டிக்காட்டினார்.

பெண் தொழிலாளர் பிரச்சினையும் அவர் கண்ணில் படாமல் போகவில்லை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலன் சார்ந்தது என்றும், அவருடைய உழைப்பால் பயன்பெறும் முதலாளி அந்தச் செலவில் பங்கேற்பது நியாயம் என்றும் வாதிட்டார். மறு ஆண்டு அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பொதுப்பணியின் பொறுப்பாளர்

1942 ஜூலையில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் பொறுப்பேற்றார். இன்றைய வழக்கில் சொன்னால் மத்திய அமைச்சர். நீர்ப்பாசனம், மின்சாரம், சுரங்கம் ஆகியவற்றுடன் மத்தியப் பொதுப்பணித் துறையும் அவர் வசம் வந்தது. ஏரி வெட்டும் பணியிடத்தில் காசாளராக இருந்தவரின் மகன், அரசின் கட்டுமானப் பணிகளுக்கே பொறுப்பாளரானார்.

பொறுப்பேற்ற சில மாதங்களில், ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராயிடம் ஒரு விரிவான மனுவை அளித்தார். அதில் பொதுப்பணிகளின் பயன் யாருக்குப் போகிறது என்று தனியே ஆராய்ந்திருந்தார். தம்முடைய துறையின் ஒப்பந்தக்காரர் பட்டியலையே எடுத்துப் பார்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக்காரர்களில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் ஒரே ஒருவர். கட்டுமான வேலைகளில் மண் சுமப்பவர்களில் பெரும் பகுதியினர் எந்த மக்களோ, அந்த மக்களில் ஒப்பந்தம் எடுப்பவர் ஒருவர்தான் என்பதை அந்தப் பட்டியல் வெளிப்படுத்தியது.

ஒப்பந்தக்காரர் பட்டியல் ஏன் முக்கியம் என்பதைக் கட்டுமானத் தொழிலை அறிந்தவர்கள் எளிதில் உணர்வர். அரசு ஒருவருக்கு ஒப்பந்தம் தருகிறது. அவர் பகுதி பகுதியாகத் துணை ஒப்பந்தம் விடுகிறார். துணை ஒப்பந்தக்காரர் மேஸ்திரியைப் பிடிக்கிறார். மேஸ்திரி ஊரிலிருந்து ஆள் திரட்டுகிறார். யாருக்கு வேலை, என்ன வேலை, எவ்வளவு கூலி, எப்போது கூலி என்பவற்றை இந்தச் சங்கிலிதான் முடிவு செய்கிறது. சங்கிலியின் மேற்கண்ணிகள் எல்லாம் ஒரு சாராரிடம் இருக்கும்போது, அடிக்கண்ணியில் இருப்பவரின் முறையீட்டுக்குச் செவிகொடுக்க ஆளில்லை.

பொறுப்பேற்ற அடுத்த மாதமே, அரசும் முதலாளிகளும் தொழிலாளர்களும் சமமாக அமர்ந்து பேசும் முத்தரப்புத் தொழிலாளர் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். தொழிலாளி முறையிடுவதற்கு ஓர் இருக்கை வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் உட்பொருள். 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிப் பகுதிக்குச் சென்று, சுரங்கத்துக்குள் இறங்கி வேலை நடப்பதைப் பார்த்தார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்வையிட்டார். அடுத்த மாதம், நிலக்கரித் தொழிலாளர் நலனுக்கெனத் தனி நிதி உருவாக்கும் அவசரச் சட்டம் வந்தது.

இந்தக் காலத்துச் செயல்கள் அனைத்தும் குறையற்றவை அல்ல. சுரங்கத்துக்கு அடியில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற தடை ஏற்கெனவே நடப்பில் இருந்தது. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காட்டி 1943இல் அரசு அந்தத் தடையை விலக்கியது. சட்டமன்றத்தில் பெண் உறுப்பினர் உள்ளிட்டோர் கடுமையாகக் கண்டித்தனர். தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி அந்த முடிவை ஆதரித்துப் பேச வேண்டிய இடத்தில் அம்பேத்கர் இருந்தார். அந்த வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டதை அவர் எடுத்துக்காட்டினார். சமக் கூலி என்ற கொள்கை இந்தியத் தொழில்துறையில் கால்பதித்த தருணம் அது என்பது உண்மை. ஆபத்தான இருட்டுக்குள் பெண்களை அனுப்பிய தருணமும் அதுவே என்பதும் உண்மை. 1946இல் தடை மீண்டும் வந்தது.

1946இல் ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது. அது ஆலைகளுக்கானது. ஆலைச் சுவருக்கு வெளியே, சாலை போடுபவருக்கும் கட்டடம் எழுப்புபவருக்கும் என்ன பாதுகாப்பு? அதற்கான விடையாக அதே ஆண்டு ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை அவர் அறிமுகப்படுத்தினார். சங்கம் அமைத்துப் பேரம் பேச இயலாதவர்களுக்குச் சட்டமே துணை நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, ஜகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது 1948இல் அது சட்டமாயிற்று. சாலை அமைத்தலும் பராமரித்தலும், கட்டடப் பணி, கல் உடைத்தல் ஆகியவை அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றன. தினக்கூலிக்குக் கட்டடம் கட்டும் தொழிலாளிக்கு, இதற்குக் கீழே கூலி தரக் கூடாது என்ற எல்லைக்கோடு அப்படித்தான் கிடைத்தது.

அரசமைப்பிலிருந்து ஆசிய விளையாட்டு வரை

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தில், வரைவுக் குழுத் தலைவரான அவருடைய வாழ்க்கை அனுபவம் பல இடங்களில் தெரிகிறது. 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் பாகுபாடு கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம், மனிதத்தன்மையுள்ள பணிச்சூழல், மகப்பேற்று உதவி ஆகியவை அரசின் நெறிமுறைக் கோட்பாடுகளில் இடம்பெற்றன.

1956 டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் மறைந்தார். கால் நூற்றாண்டு கழித்து, டெல்லியில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அரங்குகளும் மேம்பாலங்களும் எழுந்துகொண்டிருந்தன. அங்கே தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம் குறித்து மக்கள் ஜனநாயக உரிமை அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. நாளொன்றுக்கு 9.25 ரூபாய் குறைந்தபட்சக் கூலி. ஜமேதார்கள் எனப்பட்ட இடைத்தரகர்கள் அதில் ஒரு ரூபாயைத் தரகாக எடுத்துக்கொண்டனர். பெண்களுக்கு 7 ரூபாய்தான் தரப்பட்டது என்பதும் முறையீட்டில் இருந்தது.

நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு, வறுமையால் நெருக்கப்பட்டுக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழான கூலிக்கு ஒருவர் உழைப்பதும் கட்டாய உழைப்பே என்று 23ஆம் பிரிவுக்கு விளக்கம் தந்தது. தீண்டாமை ஒழிப்பைப் போலவே இந்த உரிமையையும் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்றது. ஒப்பந்தக்காரர் தவறு செய்தார் என்று சொல்லி அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றும் தெளிவுபடுத்தியது. 1942இல் ஒப்பந்தக்காரர் பட்டியலைக் கையிலெடுத்து அம்பேத்கர் எழுப்பிய கேள்வியின் தொடர்ச்சியாகவே இந்தத் தீர்ப்பைக் காண்கிறேன்.

இன்று நம் முன்

அதன் பிறகும் சட்டங்கள் வந்தன. 1996இல் கட்டுமானத் தொழிலாளருக்கென இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், பணியிடத்தில் குடிநீர், கழிப்பறை, ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பிடம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. தமிழகம் அதற்கு முன்பே, 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தையும் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தையும் கண்டது.

ஆயினும் நம் ஊரில் ஒரு கட்டடம் எழும் இடத்துக்குச் சென்று பாருங்கள். பெண்ணாக இருந்தால் சித்தாள். கலவை சுமந்தும் செங்கல் எடுத்துக் கொடுத்தும் இருபது ஆண்டுகள் உழைத்த பின்னும் அவர் சித்தாள்தான். அவருக்குப் பின்னால் சேர்ந்த இளைஞன் கரண்டி பிடித்துக் கொத்தனாராகி, அவரைப் பெயர் சொல்லி அழைத்து ஏவுகிறான். பெண்ணுக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுப்பது வழக்கத்தில் இல்லை. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சட்டம் சொல்கிறது. ஒரே வேலை கிடைக்காதபடி பார்த்துக்கொண்டால் சட்டத்தை மீறவே தேவையில்லை. மன்மாட்டில் அம்பேத்கர் சுட்டிக்காட்டிய தண்டவாளக் கூலியின் நிலைக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. வடமாநிலங்களிலிருந்து வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களோ, மேஸ்திரியின் சொல்லைத் தாண்டி முறையிட மொழியும் இல்லாதவர்கள்.

செய்ய வேண்டியவை எட்டாத தொலைவில் இல்லை. நாட்டில் நடக்கும் கட்டுமானத்தில் பெரும் பங்கு அரசுப் பணம். ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, அடித்தளம் தோண்டுவதற்கு முன் குடிநீரும் பெண்களுக்குப் பூட்டுள்ள கழிப்பறையும் அமைக்கப்பட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். கூலி தொழிலாளியின் சொந்த வங்கிக் கணக்குக்குச் செல்வதை உறுதிசெய்யலாம். கொத்து வேலை, கம்பி கட்டுதல், ஓடு பதித்தல் ஆகியவற்றில் பணியிடத்திலேயே பெண்களுக்குப் பயிற்சி தர ஒப்பந்தக்காரரைக் கட்டாயப்படுத்தலாம். வசைச் சொல்லுக்கும் பாலியல் சீண்டலுக்கும் ஆளாகும் தொழிலாளி, மேஸ்திரியைத் தாண்டி முறையிட ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் பலகையில் எழுதப்பட்டிருக்கலாம். இவை நிறைவேறிய பின்பே பட்டியல் தொகை வழங்கப்படும் என்றால், எந்த ஒப்பந்தக்காரரும் மறக்க மாட்டார்.

மகாத் நகராட்சி குளத்தைத் திறந்துவிட்டதாக 1924இல் அறிவித்தது. யாராவது இறங்கிக் குடிக்க முடிகிறதா என்று போய்ப் பார்க்க அதற்குத் தோன்றவில்லை. நம் சட்டங்களும் அவ்வாறே அறிவிப்பாக நின்றுவிடாமல் இருக்க, பொறுப்பில் உள்ளவர்கள் ஒரு நண்பகலில் முன்னறிவிப்பின்றிப் பணியிடத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே தண்ணீர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யார் அதை மொண்டு குடிக்கிறார்கள், யார் ஒதுங்கி நின்று கையேந்துகிறார்கள் என்று பார்த்தால் போதும். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் அங்கேயே விளங்கிவிடும்.